சொல் தேவை: ‘டிஃபர்டு கன்சென்ட்’

அன்பர்களுக்கு வணக்கம்.

தீவிர சிகிச்சைப் பிரிவில் நடக்கும் ஆய்வுகளுக்கான நெறிக் கையேடு ஒன்றைத் தமிழாக்கி வருகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். ‘டிஃபர்டு கன்சென்ட்’ ஒன்றுதான் நிற்கிறது. கொரோனா பெருந்தொற்று நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நோயாளி செயற்கைச் சுவாசத்தில், நினைவில்லாமல். உறவினரும் தொற்றோடு எங்கோ தனிமையில். மருந்தைச் சில மணி நேரத்துக்குள் தொடங்கியாக வேண்டும். ஆய்வின் அறத்தைப் பரிசீலிக்கும் நெறிக்குழு முன்பே ஏற்றுக்கொண்ட ஆய்வு என்றால் அவரைச் சேர்த்துவிட்டுப் பிறகு அனுமதி கேட்கிறார்கள். இதற்குத்தான் அந்தப் பெயர். ‘ஒத்திவைத்த ஒப்புதல்’ என்று எழுதிவைத்தேன். மனம் ஒப்பவில்லை.

* * *

பின்னிசைவு என்று எழுதுங்கள். பின் + இசைவு; தனிக்குறிலை அடுத்த ஒற்று உயிர் வந்தால் இரட்டும், புணர்ச்சி சுத்தம். ஒப்புதல் வேண்டாம். ஒப்பு என்றால் முதலில் நிகர். ‘ஒப்புக்குச் செய்தான்’ என்ற வழக்கும் உண்டு. கையெழுத்துக்காக நீட்டும் தாளில் அந்த நிழல் விழக்கூடாது. உடம்பாடும் நல்ல சொல்தான். ‘உடம்பாடு இலாதவர் வாழ்க்கை’ என்கிறது குறள் 890. மனம் பொருந்துதல் என்று பொருள். மருத்துவமனையிலோ அதை ‘உடம்பு’ என்றே படிப்பார்கள்.

* * *

> ஒப்புதல் வேண்டாம்

‘மனம் ஒப்பவில்லை’ என்று முதல் மடலிலேயே வந்துவிட்டதே ஐயா. மனம் ஒப்புவதுதான் ஒப்புதல். பின்னிசைவு என்றால் பின்னணி இசை என்றுதான் முதலில் காதில் விழும்.

நான் தீவிர சிகிச்சைப் பிரிவில் வேலை செய்கிறேன். தொலைபேசியில் நோயாளியின் மகளிடம் பேசும்போது ‘சம்மதமா அம்மா?’ என்றுதான் கேட்கிறோம். வடசொல்தான், ஆனால் அந்த நேரத்தில் புரிகிறது. இந்த நோயாளிகளை ஆய்விலிருந்து ஒதுக்கிவிடுவதும் அறமாகாது. கொரோனா நோயாளிகளிடம் மருந்துகளைச் சோதித்த பிரிட்டனின் ரெக்கவரி ஆய்வில், டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மருந்தின் முடிவு 2020 ஜூன் 16 அன்று வந்தது. செயற்கைச் சுவாசத்தில் இருந்தவர்களிடம் இறப்பு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. ஆக்சிஜனே தேவைப்படாதவர்களுக்குப் பயன் இல்லை. பேசக்கூடியவர்களை மட்டும் சேர்த்திருந்தால், யாருக்கு அது உயிர் காக்குமோ அவர்களைப் பற்றி ஒன்றும் தெரிந்திருக்காது.

* * *

சொல் வடமொழியா தமிழா என்பதைச் சற்றுத் தள்ளி வையுங்கள். ‘பின்’ என்பதே எனக்கு உறுத்துகிறது. கொடுத்து முடித்த மருந்துக்குப் பிறகு எப்படி இசைய முடியும்? நடந்ததை ஏற்கலாம், பொறுக்கலாம், அது இசைவாகாது. மனிதர்களிடம் செய்யும் மருத்துவ ஆய்வுகளுக்கு நெறி வகுக்கும் ஹெல்சிங்கி அறிக்கையின் 2013 திருத்தத்தில் 30ஆம் பத்தி இதில் கவனமாக இருக்கிறது. பிறகு கேட்க வேண்டியது ஆய்வில் நீடிப்பதற்கான இசைவு என்கிறது. ஆகவே நீடிப்பிசைவு. ‘ஒத்திவைத்த’ இன்னும் மோசம். ஒத்திவைத்தால் ஒரு நாள் வர வேண்டும். அதற்குள் இறந்துபோனவருக்கு எந்த நாள் வரும்?

* * *

> இறந்துபோனவருக்கு

எங்கள் தீவிர சிகிச்சைப் பிரிவில் அங்கேதான் இரவெல்லாம் யோசித்தோம். இசைவு கிடைக்காமல் இறந்தவர்களின் தரவை நீக்கினால் பிழைத்தவர்களே கணக்கில் மிஞ்சுவார்கள்; இறப்பு குறைவாகத் தெரியும், முடிவு பொய்யாகும். வைத்துக்கொள்ள வேண்டுமென்றால், துக்கத்தில் இருக்கும் வீட்டாரிடம் எப்போது, எப்படிக் கேட்பது? அங்கே ‘நீடிப்பு’ என்ற சொல்லை என்னால் வாயில் எடுக்க முடியாது.

* * *

நீடிப்பு எனக்கும் பிடிக்கவில்லை. தொடரிசைவு? வினைத்தொகையாகக் கொண்டால் தொடர்ந்த, தொடர்கின்ற, தொடரும் என முக்காலமும் அடங்கும்.

* * *

அதுதான் சிக்கல். ஒவ்வொரு நாளும் கேட்டுப் பெறுவதாக ஆகிவிடும்.

* * *

நாளை வெள்ளி. எண்ணிப் பார்த்தேன்: பின்னிசைவுக்கு ஐவர், சம்மதத்துக்கு மூவர், நீடிப்பிசைவுக்கு ஒருவர். சொற்பட்டியலில் பின்னிசைவு போகிறது. வீட்டாருக்கான படிவத்தில் சொல்லே இல்லை. ‘உங்களைக் கேட்காமல் இந்த ஆய்வில் சேர்த்தோம். ஏன் என்று சொல்கிறோம். இனித் தொடரலாமா என்று இப்போது கேட்கிறோம். வேண்டாம் என்றாலும் சிகிச்சை குறையாது’ என்று எழுதிவிட்டேன்.

* * *

படிவத்துக்கு என் முழு சம்மதம். பட்டியலில் உள்ள சொல்லுக்கு இன்னும் இல்லை. அடுத்த பதிப்புக்கு முன் மீண்டும் எழுதுவேன்.