வேர்முடிச்சு பாக்டீரியா ஏன் ஓசியில் உட்கார்ந்து தின்பதில்லை?

முல்லைக்கொடி:
பயறுவகைச் செடிகளின் வேர்முடிச்சில் வாழும் ரைசோபியம் பாக்டீரியா காற்றிலிருந்து நைட்ரஜனைப் பிடித்துத் தருகிறது, பதிலுக்குச் செடி கார்பன் உணவு தருகிறது என்பது வரை சரி. ஆனால் ஒரு நைட்ரஜன் மூலக்கூறை அம்மோனியாவாக்கக் குறைந்தது 16 ஏடிபி (செல்லின் ஆற்றல் மூலக்கூறு) செலவு. அந்த வேலையைச் செய்யாமல் உணவை மட்டும் வாங்கிக்கொள்ளும் திரிபு (அதே பாக்டீரியாவின் மாறுபட்ட வகை) வேகமாகப் பெருகி, உழைக்கிற திரிபுகளை ஓரங்கட்டியிருக்க வேண்டுமே? அதிலும் ஒரே செடிக்குள் பல திரிபுகள் புகுகின்றன. இந்த ஏற்பாடு கோடிக்கணக்கான ஆண்டுகள் எப்படித் தாக்குப்பிடித்தது?

நுண்ணோக்கி:
செடி முடிச்சு முடிச்சாகக் கணக்குப் பார்க்கிறது. 2003இல் உயிரியலாளர் டோபி கியர்ஸ் குழுவினர் சோயா வேர்முடிச்சுகளைச் சுற்றியிருந்த காற்றில் நைட்ரஜனை நீக்கி ஆர்கானை நிரப்பினார்கள். ஆக்சிஜன் அளவை மாற்றவில்லை. உள்ளே இருந்தது நல்ல திரிபுதான், ஆனால் பிடிக்க நைட்ரஜன் இல்லை. செடிக்கு அது வேலை செய்யாத முடிச்சு. அங்கே பாக்டீரியா பெருகியது சாதாரணக் காற்றில் இருந்ததில் ஏறத்தாழப் பாதிதான். அந்த முடிச்சுக்குள் போகும் ஆக்சிஜனைச் செடி குறைத்திருந்ததும் அளவீட்டில் தெரிந்தது.

ஆக்சிஜன்தான் இங்கே கடிவாளம். நைட்ரஜனைப் பிடிக்கும் நைட்ரோஜினேஸ் நொதி ஆக்சிஜன் பட்டால் கெடும். ஆனால் ஆக்சிஜன் இல்லாவிட்டால் பாக்டீரியா சுவாசிக்க முடியாது, ஏடிபியும் வராது. ஆகவே முடிச்சின் புறணி (வெளி அடுக்கு) ஆக்சிஜனை மட்டுப்படுத்துகிறது, உள்ளே லெக்ஹீமோகுளோபின் என்ற சிவப்புப் புரதம் அதைக் கைமாற்றிக் கொடுக்கிறது. தண்டனைக்கான கருவி செடியிடம் ஏற்கெனவே இருந்தது என்றே நான் பார்க்கிறேன்.

நேரில் பார்க்க, பூக்கும் பருவத்தில் செடியை மண்ணோடு தோண்டி எடுங்கள். பிடுங்கினால் முடிச்சுகள் அறுந்து மண்ணிலேயே தங்கிவிடும். வேரை நீரில் ஊறவைத்து அலசி, பிளேடால் முடிச்சைக் குறுக்கே வெட்டுங்கள். உள்ளே இளஞ்சிவப்பு என்றால் வேலை நடக்கிறது. வெள்ளை என்றால் இன்னும் முதிராதது, அல்லது உதவாத திரிபு. பச்சையோ பழுப்போ ஆகியிருந்தால் ஆயுள் முடிந்தது. முடிச்சே அரிதாக இருந்தால் உடனே பாக்டீரியாவைக் குறை சொல்லாதீர்கள். மண்ணில் நைட்ரேட் மிகுந்திருந்தால் செடியே முடிச்சு விடுவதைக் குறைத்துக்கொள்ளும்.

செடியின் இந்தத் தண்டனை முறையிலும் ஓட்டை உண்டு. ஒரே முடிச்சுக்குள் இரண்டு திரிபுகள் கலந்துவிட்டால் உழைப்பவனையும் ஓசிக்காரனையும் பிரித்தறிவது கடினம்.

அசுவினி:
இது தலைமுறைதோறும் மண்ணிலிருந்து புதிதாகத் துணை பிடிக்கும் உறவுக்குப் பொருந்தும். அசுவினிப் பூச்சியின் உடலுக்குள் வாழும் புக்னெரா என்ற பாக்டீரியாவின் கதை வேறு. அது தாயிடமிருந்தே வாரிசுக்குப் போகிறது. பூச்சிக்கு வாரிசு இல்லையென்றால் புக்னெராவின் வம்சமும் அங்கேயே முடிந்தது. அதனால் ஏமாற்றி லாபமில்லை. செடிச்சாற்றில் போதாத இன்றியமையா அமினோ அமிலங்களை அது தயாரித்துத் தருகிறது.

இதற்கு விலையும் உண்டு. ஒவ்வொரு தலைமுறைக்கும் சிறு கூட்டமே கடக்கிறது, வெளியிலிருந்து மரபணு வருவதில்லை, தொலைந்தது தொலைந்ததுதான். குடல் பாக்டீரியாவான ஈ. கோலையின் மரபணுத் தொகுதி சுமார் 46 லட்சம் டிஎன்ஏ எழுத்து இணைகள், புக்னெராவுடையது சுமார் 6.4 லட்சம். வெப்பத்தைத் தாங்க உதவும் ஒரு மரபணுவின் முன்பகுதியில் ஒரே ஓர் எழுத்து விடுபட்டால் போதும், வெயில் ஏறும்போது புக்னெரா அழிகிறது, பூச்சியும் தவிக்கிறது.

முல்லைக்கொடி:
தெளிவாகிறது. அப்படியானால் ஒன்றையொன்று விட முடியாத நிலை வந்தாலே இருவருக்கும் லாபம் என்று கொள்ளலாமா?

ஈரநிலம்:
கூடாது. இந்தத் துறையில் அதிகம் நடக்கும் தவறு இதுதான். 1966இல் உயிரியலாளர் குவாங் ஜியோன் வளர்த்த அமீபாக்களில் ஒரு பாக்டீரியா தொற்றியது. முதலில் அது நோய்தான். பல அமீபாக்கள் செத்தன. சில ஆண்டுகளிலேயே பிழைத்தவற்றின் வழித்தோன்றல்கள் பாக்டீரியா இல்லாமல் வாழ முடியாத நிலைக்கு வந்தன. அவற்றின் உட்கருவைத் தொற்றில்லாத அமீபாவின் சைட்டோபிளாசத்துக்கு மாற்றினால் அந்தச் செல் பிழைக்கவில்லை. அமீபா புதிதாக எதையும் சம்பாதித்ததாகத் தெரியவில்லை. தன் மரபணு ஒன்றின் வேலையைக் கைவிட்டு, பாக்டீரியாவைச் சார்ந்துகொண்டது. துணையைக் கொன்றால் ஓம்புயிரும் (அதற்கு இடம் தரும் உயிரும்) சாகிறது என்ற சோதனை சார்பை மட்டுமே காட்டும். லாபத்தை அறிய, துணை எப்போதுமே இல்லாதிருந்த மூதாதை வகையோடு வளர்ச்சி வேகத்தையும் வாரிசு எண்ணிக்கையையும் ஒப்பிட வேண்டும்.