எங்கள் வீட்டு வாசலில் இருந்த மாவு மில் – மயிலாப்பூரை விட்டுப் போன கடைகள் பற்றி உங்கள் அனுபவம்?

மயிலைவாசி:

மயிலாப்பூரில் பழைய கடைகள் காணாமல் போவதைப் பற்றி யார் பேசினாலும் கதையில் ஒரு வில்லன் வருவான். ஒன்று பில்டர், இல்லையென்றால் வீட்டுக்காரன். அந்த வீட்டுக்காரன் நான்தான். சரி, எங்கள் கதையையும் கேளுங்கள்.

கச்சேரி சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில் தாத்தா கட்டிய வீடு. தெருவைப் பார்த்த அறையில் மாவு மில். எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து அண்ணாச்சி அங்கேதான் இருந்தார். அவர் மில்லில் வரிசைக்குத் தனி நியாயம். முதலில் வந்தவருக்கு முதலில் அரைப்பார் என்று நினைத்தால் ஏமாந்துபோவீர்கள். கோதுமையெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக, பச்சரிசி வேறு நேரம், கேழ்வரகு கடைசியில். கேழ்வரகு ஓடிய கையோடு உங்கள் கோதுமை விழுந்தால் சப்பாத்தி அழுக்கு நிறத்தில் வரும் என்பார். மிளகாய்க்கு மூலையில் தனி மிஷின். அது ஓடும்போது எங்கள் வீட்டில் கூடம்வரைக்கும் தும்மல். எந்த டப்பாவிலும் பெயர் எழுதமாட்டார். மூடியில் விழுந்த ஒடுக்கைப் பார்த்தே யார் வீட்டு டப்பா என்று சொல்லிவிடுவார். சாம்பார் பொடிக்குக் கொண்டுபோனால் கைவிட்டுக் கிளறிப் பார்த்துவிட்டு, “மஞ்சள் காயலியே, நாளைக்கு ஒரு வெயில் வெச்சுக் கொண்டாங்க” என்று திருப்பி அனுப்பிய நாட்கள் உண்டு. பாட்டிக்குக் கோபம் வரும். ஆனால் மறுநாள் காயவைத்துத்தான் அனுப்புவாள்.

ஒப்பந்தம் என்று எதுவும் கிடையாது. தாத்தாவோடு பேசியது. ஒரு நாற்பது பக்க நோட்டில் மாதாமாதம் தொகை, பக்கத்தில் கையெழுத்து. கடைசியில் வாடகை 4,500 ரூபாய். அந்தத் தெருவில் அந்த அளவு அறைக்கு வெளியே என்ன கேட்டார்கள் என்று சொல்லவே கூச்சமாக இருக்கிறது.

பாட்டியும் போன பிறகு சொத்து ஐந்து பங்கு. அத்தைகள் இரண்டு பேர் அமெரிக்காவில். ஓடு ஒழுகியது, சொத்து வரி ஏறியது, யாருக்கும் வீட்டைப் பார்த்துக்கொள்ள முடியவில்லை. ஜாயிண்ட் வென்சருக்குக் கொடுப்பது என்று முடிவாயிற்று. பில்டர் கேட்டது ஒன்றுதான்: உள்ளே ஆள் இல்லாமல் கொடுக்க வேண்டும். அண்ணாச்சியிடம் சொல்ல என்னை அனுப்பினார்கள். உள்ளூரில் இருந்தவன் நான்தானே.

அவர் சண்டை போடுவார் என்று வழியெல்லாம் பதில் தயார் செய்துகொண்டு போனேன். மாவு ஒட்டிய கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு, “தீபாவளி வரைக்கும் விடுவீங்களா தம்பி?” என்று மட்டும் கேட்டார். முறுக்கு மாவு, அதிரச மாவு என்று வருஷத்தில் அவருக்கு நல்ல வியாபாரம் நடக்கும் மாதம் அது. விட்டோம். அதற்கப்புறம் அவர் எங்கே போனார் என்று நான் விசாரிக்கவில்லை. ஃபிளாட் விளம்பரத்தில் ‘பாரம்பரிய மயிலையின் மணம்’ என்று போட்டிருந்தார்கள். எந்த மணம் என்று எனக்குத் தெரியும், மிளகாய்ப் பொடி!

உங்களுக்கும் இப்படி ஏதாவது இருந்தால் எழுதுங்கள். எந்தப் பக்கத்திலிருந்து என்றாலும் சரி.

குமாஸ்தா:

இதில் உணர்ச்சியைவிடக் காகிதம்தான் பெரிய விஷயம். 1960ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இருந்தவரை, பல ஆண்டுகளாகக் குடியிருப்பவரை எழுப்புவது லேசில்லை. வழக்கு வருஷக்கணக்கில் இழுக்கும். 2017இல் இயற்றிய புதிய சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறைக்கு வந்தது, பழையது ரத்து. இப்போது ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். ஒப்பந்தம் போட்டுக்கொள்ளவில்லை என்பதையே காரணமாகக் காட்டிக் காலி செய்யச் சொல்லிக் கேட்க முடியும். உங்கள் அண்ணாச்சியிடம் இருந்தது நாற்பது பக்க நோட்டு. நியாயமாகப் பார்த்தால், பழைய சட்டத்தில் வீட்டுக்காரர்களும் நொந்துபோனார்கள். வருகிற வாடகை சொத்து வரிக்கே போதாத வழக்குகளைப் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று. மாட வீதிகளைச் சுற்றி உள்ள இடங்களில் நிறைய கோயில் சொத்து. அங்கே அறநிலையச் சட்டம் 34-ஏ பிரிவின்படி மூன்று ஆண்டுக்கு ஒருமுறை வாடகையைத் திருத்துகிறார்கள், சந்தை மதிப்பை ஒட்டி. கோயில் கடை என்றால் சொற்ப வாடகை என்று இன்னும் நினைத்துக்கொண்டிருப்பவர்கள் ஒரு நடை போய் விசாரித்துப் பாருங்கள்.

தொப்பி ரவை:

நான் மிருதங்கம் படித்தவன். வாத்தியம் சரிபார்ப்பவர் ஒருவர் குளத்துக்குப் பக்கத்துத் தெருவில் இருந்தார். ஆறடிக்கு எட்டடி இருக்கும் இடம். வலந்தலைக்கு, அதாவது வலது பக்கத் தோலுக்கு, நடுவில் கரணை என்கிற கறுப்பு வட்டம் போடுவதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பேன். வடித்த சோற்றோடு கல் பொடியைப் பிசைந்து, துளித்துளியாக எடுத்துத் தோலில் தேய்த்து, வழவழப்பான கல்லால் இழைத்து, காயவிட்டு, தட்டிப் பார்த்து, மறுபடி ஒரு சுற்று. அவசரப்படுத்தினால், “நீ போய் காபி குடிச்சிட்டு வா” என்பார்.

மாடியில் இருந்தவர்கள் விற்றுவிட்டுப் போக, புதிதாக வந்தவர்கள் இரண்டு புகார் கொடுத்தார்கள். ஒன்று, தட்டுகிற சத்தம். இன்னொன்று, தோல் வாடை. வேடிக்கை என்னவென்றால், அவர்கள் அங்கே வீடு வாங்கியதே மார்கழியில் சபாக்களுக்கு நடந்து போய்வரலாம் என்றுதான். எனக்கு அவர்களே சொன்னார்கள். மாட்டுத்தோலும் ஆட்டுத்தோலும் இல்லாமல் மிருதங்கத்தில் நாதம் எங்கிருந்து வரும்? இந்தத் தொழிலில் தலைமுறையாக இருப்பவர்களில் பலர் தலித் கிறிஸ்தவர்கள். ‘வாடை’ என்ற சொல்லுக்குள் வேறென்ன இருந்தது என்று யோசிக்காமல் இருக்க முடியவில்லை.

அவர் இப்போது மாங்காடு தாண்டி இருக்கிறார். முன்பெல்லாம் கச்சேரி அன்றைக்குத் தோல் கிழிந்தால் பத்து நிமிஷத்தில் அவர் திண்ணையில் இருப்போம். இப்போது கையோடு இன்னொரு மிருதங்கம் தூக்கிக்கொண்டு போகிறோம்.

நாலாம்வாய்ப்பாடு:

டிரைவ்-இன் உட்லண்ட்ஸை யாரும் சொல்லவில்லையே! 2008இல் மூடினார்கள், இப்போது அங்கே செம்மொழிப் பூங்கா. காரில் தட்டு மாட்டிப் பூரி சாப்பிட்ட காலம்…

மயிலைவாசி:

அது அரசு நிலம், குத்தகை விவகாரம். இதிலிருந்து கொஞ்சம் வேறு. தவிர, அது மூடியபோது ஊரே எழுதியது. மாவு மில்லுக்கு யார் எழுதுவார்கள்?

அச்சுக்கோத்தவர் மகள்:

இதைப் படித்துவிட்டுக் கொஞ்சம் எரிச்சலாகத்தான் எழுதுகிறேன், மன்னிக்கவும். லஸ் பக்கம் அப்பா அச்சகம் வைத்திருந்தார். ட்ரெடில் மிஷின், ஈய எழுத்து, கல்யாணப் பத்திரிகை, நோட்டீஸ், பில் புக். இடத்துக்காரர் கொஞ்சம் பணம் கொடுத்துக் காலி பண்ணச் சொன்னார். அப்பா வாங்கிக்கொண்டார். அந்தப் பணத்தில்தான் நான் இன்ஜினியரிங் முடித்தேன்.

மிஷினை ஏற்றுகிற அன்றைக்குத் தெருவே வந்து நின்றது. “போறீங்களா சார், மனசே கேக்கல” என்று ஒவ்வொருத்தரும். அதற்கு முந்தைய இரண்டு வருஷத்தில் அவர்கள் வீட்டுக் கல்யாணங்களுக்கு எங்கே பத்திரிகை அடித்தார்கள் என்று அப்பாவுக்குத் தெரியும். ஒரு வார்த்தை பேசவில்லை. ஈய எழுத்துகளை எடைக்குத்தான் போட்டோம். ‘ஸ்ரீ’ ஒன்றை மட்டும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அதற்காக அவர் அழுதார் என்றெல்லாம் நினைத்துக்கொள்ளாதீர்கள். மத்தியானம் நன்றாகத் தூங்கினார். கை, முதுகு எல்லாம் போயிருந்தது அவருக்கு.

குமாஸ்தா:

இது அவசியம் சொல்லப்பட வேண்டியது. நன்றிம்மா.

மந்தைவெளிக்காரன்:

லஸ் என்றதும் ஞாபகம். மெட்ரோ வேலைக்குத் தகரம் அடித்ததிலிருந்து எங்கள் தையல்காரருக்கு வருகிற கூட்டம் பாதியாகிவிட்டது. திருமயிலையில் இரண்டு வழித்தடம் சந்திக்கப்போகிறது, வந்தால் நல்லதுதான். ஆனால் ரயில் ஓடும்வரை வாடகை யார் கொடுப்பது? அவர் இப்போது வீட்டிலேயே தைக்கிறார். பிளவுஸ் கொடுக்க அம்மா பஸ் பிடிக்க வேண்டியிருக்கிறது.

மேடவாக்கம் மருமகள்:

மயிலைவாசி, உங்கள் அண்ணாச்சி ஒல்லியாக, இடது காதில் துணி செருகியிருப்பாரா? மஞ்சள் காயவில்லை என்று போன மாதம் என்னைத் திருப்பி அனுப்பிய ஒருவர் எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் இருக்கிறார். மயிலாப்பூரில் இருந்தேன் என்று ஒருமுறை சொன்னார்.

மயிலைவாசி:

காதில் துணி என்றதும் புரிந்துவிட்டது. மிஷின் சத்தத்துக்கு.

ஞாயிற்றுக்கிழமை போய்விட்டு வந்தேன். வெறுங்கையோடு போக ஒரு மாதிரி இருந்ததால் இரண்டு கிலோ கோதுமை வாங்கிக்கொண்டு போனேன். புது மிஷின், பழைய தராசு. ஷட்டருக்கு வெளியே ஸ்கூட்டர்கள். என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்தது, காட்டிக்கொள்ளவில்லை. கையிலிருந்த பிளாஸ்டிக் டப்பாவை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“பாட்டியம்மா தூக்கு எங்க?”

வீடு இடிக்கும்போது பாத்திரங்களோடு போட்டுவிட்டோம் என்று எப்படிச் சொல்வது? தேட வேண்டும் என்றேன். தலையாட்டினார். நேராக மிஷின் பக்கம் போவார் என்று பார்த்தால், டப்பாவை வரிசையின் கடைசியில் வைத்துவிட்டு ஸ்டூலைக் காலால் தள்ளினார்.

“கேழ்வரகு ஓடுது தம்பி. உங்களுது இப்ப போட முடியாது. உக்காருங்க.”