கம்போடியாவில் 14 நாள் தொண்டூழியம்: பயன் யாருக்கு?

ஈரமணல்:
வெளிநாட்டுத் தொண்டூழியப் பயணம் என்பது சான்றிதழோடு கூடிய சுற்றுலாதான் என்று இங்கே ஒருவர் எழுதியிருந்தார். சிங்கப்பூரில் பொறியியல் படிக்கும் நான் அதை மறுக்கிறேன். சியாம் ரீப் அருகே ஒரு கிராமத்தில் எங்கள் குழு 14 நாள் தங்கி, 12 வீடுகளில் குடிநீரைத் தூய்மைப்படுத்தும் மணல் வடிகட்டி அமைத்தது. அதில் இடும் மணலைக் கழுவி, நீரோடு புட்டியில் இட்டுக் குலுக்கினால் நீர் சற்றே கலங்கலாக நிற்க வேண்டும். நாங்களோ பளிங்குத் தெளிவு வரும்வரை கழுவி மூன்று மூட்டையைப் பாழாக்கினோம். வீட்டுக்கார அம்மா சிரித்துக்கொண்டே வாளியை வாங்கிக்கொண்டார். கம்போடியர்களின் கெமர் எழுத்து பல்லவ எழுத்தின் வழித்தோன்றல் என்பதையும் கடைப்பலகைகளின் முன் நின்றபோதுதான் உணர்ந்தேன். வகுப்பறையில் இவை கிடைக்குமா?

பழைய மாணவன்:
கிடைக்காது, ஆனால் நீங்கள் சொன்ன அனைத்தும் நீங்கள் பெற்றவை. மணல் கழுவத் தெரிந்த அம்மாவுக்கு உங்களிடமிருந்து என்ன கிடைத்தது? அந்த வடிகட்டியின் மேல்மணலில் கிருமிகளை அழிக்கும் உயிர்ப்படலம் உருவாக 2 முதல் 4 வாரம் ஆகும். அதாவது, அது முழுமையாக வேலை செய்யத் தொடங்கும் முன்பே நீங்கள் விமானம் ஏறியிருப்பீர்கள். 1968-இல் மெக்சிகோவில் சிந்தனையாளர் இவான் இல்லிச் அமெரிக்க மாணவத் தொண்டர்களிடம், பார்க்க வாருங்கள், படிக்க வாருங்கள், உதவ மட்டும் வராதீர்கள் என்று முகத்துக்கு நேரே சொன்னார். நம் உதவியால் அவர்களுக்கு என்ன கிடைத்தது என்ற கேள்விக்கு நானும் என் பயணத்தில் விடை காணவில்லை.

கிழக்குக்கரை:
இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2005-க்கும் 2010-க்கும் இடையே கம்போடியாவில் அநாதை இல்லங்கள் 75 விழுக்காடு பெருகியதாக யுனிசெஃப் கூறியது. அங்கிருந்த பிள்ளைகளில் ஏறத்தாழ நால்வரில் மூவருக்குத் தாயோ தந்தையோ உயிரோடு இருந்தனர். பார்க்க வரும் வெளிநாட்டவர் தரும் பணமே இல்லங்கள் பெருக ஒரு காரணமாயிற்று.

ஈரமணல்:
அநாதை இல்லத்துக்கு நாங்கள் போகவில்லை. அந்தப் பழியை எங்கள் தலையில் கட்டுவது நியாயமன்று. பணத்தை மட்டும் அனுப்பலாமே என்று அடுத்துக் கேட்பீர்கள். நாங்கள் போகிறோம் என்பதால்தான் உறவினரும் நண்பர்களும் வெள்ளியை எடுத்து நீட்டினார்கள். இல்லையேல் அந்தப் பணமே திரண்டிருக்காது.

பழைய மாணவன்:
ஒப்புக்கொள்கிறேன், அது உண்மைதான். ஆனால், திரண்டதில் பெரும்பகுதி விமானச்சீட்டுக்குப் போயிற்றா, இல்லையா? திரும்பி மூன்று மாதம் ஆகிறதே, 12-இல் எத்தனை வடிகட்டிகள் இன்று ஓடுகின்றன என்று சொல்லுங்கள், தம்பி. அதன் பிறகு வாதிடலாம்.

ஈரமணல்:
விமானச்சீட்டைப் பற்றி நீங்கள் சொன்னது சரி. நேற்று உள்ளூர் மேஸ்திரியைத் தொலைபேசியில் அழைத்தேன். ஒன்பது ஓடுகின்றன. ஒன்றின் மூடி உடைந்துவிட்டது. மற்ற இரண்டிலும் மழைக்கால வண்டல் அடைத்து ஒழுக்கு நின்றதும், வீட்டார் மணலை முழுக்க வெளியே கொட்டிவிட்டார்களாம். மேல்நீரைக் கலக்கி வண்டலை மொண்டு எடுத்தாலே போதும். அதைக் கெமர் மொழியில் அச்சிட்டுச் சுவரில் ஒட்டியிருந்தோம். ஆனால் அவ்வீடுகளில் பகலில் இருக்கும் மூதாட்டிகளுக்குப் படிக்கத் தெரியாது என்பதை நாங்கள் கேட்டறியவில்லை. மேஸ்திரியே போய்ச் சரிசெய்து கொடுத்திருக்கிறார். அந்த நாளின் கூலியை அவருக்கு யாரும் தரவில்லை. அடுத்த குழுவின் வரவுசெலவுத் திட்டத்தில் அவருக்கு ஆறு மாதக் கூலி என்று ஒரு வரி சேர்க்கும்படி எழுதிக் கேட்டிருக்கிறேன். அதற்காக ஒருவர் குறைவாகப் போக நேர்ந்தாலும் போகட்டும்.