அமெரிக்கப் படிவத்தில் இனம்: எந்தக் கட்டத்தில் டிக்?

கேள்வி (அஸ்தம்பட்டி, சேலம்):
தங்கச்சி மகன் மேல்படிப்புக்குக் கிளம்புறான். படிவத்துல 'அமெரிக்கன் இண்டியன்', 'ஏசியன்' ரெண்டும் இருக்கு. நாம எது? நிறத்தைப் பார்த்து வாடகைக்கு வீடு தரலைன்னா என்ன வழி?

ஏற்காட்டுக்காரன்:
'ஏசியன்'தாங்க. உள்ளே பிரிச்சுக் கேட்டா 'ஏசியன் இண்டியன்'. 'அமெரிக்கன் இண்டியன்'னா அந்த மண்ணோட பூர்வகுடிகள், பெயரைப் பார்த்து ஏமாந்துடாதீங்க. 1923-ல பகத் சிங் திந்த் வழக்குல உச்ச நீதிமன்றம் நாம வெள்ளையர் இல்லைன்னுச்சு. 1970 கணக்கெடுப்புல வெள்ளையரோட சேர்த்தாங்க. 1980-லதான் தனிக் கட்டம். அவங்க இழுத்த கோடு, அவங்களே அழிச்சு அழிச்சுப் போடுறாங்க!

செவ்வாய்ப்பேட்டை:
அண்ணே, 1968 வீட்டுவசதிச் சட்டப்படி இனம், நிறம், பூர்வீக நாடு பார்த்து மறுக்கக் கூடாது. ஆனா யாரும் முகத்துக்கு நேரா சொல்ல மாட்டாங்க, "இப்பத்தான் போயிடுச்சு"ம்பாங்க. அதனால ஃபோன் வேண்டாம், மின்னஞ்சல்ல கேட்கட்டும். விளம்பரத்தைத் தேதியோட ஸ்கிரீன்ஷாட் எடுக்கணும். மறுநாளும் அதே வீடு விளம்பரத்துல நின்னா அது நல்ல ஆதாரம். கிரெடிட் ஸ்கோர் இல்லைன்னு எல்லாருக்கும் ஒரே மாதிரி மறுத்தா வழக்கு நிக்கிறது கஷ்டம். புகார் 'ஹட்'டுக்கு (மத்திய வீட்டுவசதித் துறை), 1 வருஷத்துக்குள்ள, கட்டணமில்லை. வேலையிடத்துல பாகுபாடுன்னா 'இ.இ.ஓ.சி.' (சம வேலைவாய்ப்பு ஆணையம்), 180 நாள். பல மாநிலங்கள்ல 300. கெடு தாண்டினா புகார் செல்லாது.

ஏற்காட்டுக்காரன்:
ஒண்ணு விட்டுட்டேன். நம்மாளே "ஊர்ல எந்தத் தெரு?"ன்னு தூண்டித் துருவினா? சாதிப் பாகுபாட்டைத் தடை செஞ்ச முதல் அமெரிக்க நகரம் சியாட்டில், 2023-ல. கலிஃபோர்னியா மசோதாவை அதே வருஷம் ஆளுநர் திருப்பி அனுப்பிட்டார்.