‘கோ’ என்றால் ‘போ’: மாணவர்களுக்கு இவ்வளவு சொன்னால் போதுமா?

மலர்விழி:
எட்டாம் வகுப்புக்கு ஆங்கிலம் நடத்துகிறேன். ‘கோ’ என்ற வினைக்குப் பாடநூல் உரைகள் பொருள்களை வரிசையாக அடுக்குகின்றன. தமிழ்ப் பிள்ளைக்கு அது தேவையில்லை. ‘போ’ என்று சொன்னால் போதும். ‘இட் இஸ் கோயிங் டு ரெயின்’: மழை பெய்யப் போகிறது. ‘த மில்க் ஹேஸ் கான் பேட்’: பால் கெட்டுப்போய்விட்டது. யாரும் எங்கும் நகராத இடத்திலும் இரு மொழிகளும் அதே வினையைத்தான் எடுக்கின்றன.

பொருநை:
அம்மா, ஒத்துப்போகும் இடங்களை மட்டும் காட்டுகிறீர்கள். விடைபெறும்போது ‘போய் வருகிறேன்’ என்கிறோம். அதையே ‘ஐ வில் கோ அண்ட் கம்’ என்று சொல்பவர்கள் நம்மிடையே ஏராளம். ஆங்கிலேயர் காதில் அது விடைபெறுவதாக ஒலிக்காது; ஏதோ வேலையாகப் போய் உடனே திரும்புவதாகத்தான் படும். ‘ஹி ஹேஸ் கான் டு டெல்லி’ என்றால் ஆள் இன்னும் திரும்பவில்லை. ‘ஹி ஹேஸ் பீன் டு டெல்லி’ என்றால் போய்த் திரும்பியாயிற்று. நமக்கோ ‘டெல்லிக்குப் போயிருக்கிறார்’ என்பது இரண்டுக்கும் பொருந்தும். ‘போ’வை மட்டும் நம்பிய மாணவன் இங்கே என்ன செய்வான்?

கணியன்:
இடையில் ஒன்று. ‘வென்ட்’ என்ற இறந்தகால வடிவமே ‘கோ’வுக்குச் சொந்தமானதல்ல, ‘வெண்ட்’ என்ற வேறொரு பழைய வினையிலிருந்து வந்து ஒட்டிக்கொண்டது. அதை மனப்பாடம் செய்வதைத் தவிர வழியில்லை.

மலர்விழி:
‘கான்’, ‘பீன்’ வேறுபாட்டைத் தனியாகச் சொல்லித்தான் ஆக வேண்டும், ஒப்புக்கொள்கிறேன். அதற்காகத் தாய்மொழியை ஒதுக்கிவைக்கச் சொல்லாதீர்கள். ‘வருதல்’ தன்மைக்கும் முன்னிலைக்கும் உரியது, ‘செல்லுதல்’ படர்க்கைக்கு உரியது என்று தொல்காப்பியம் வகுத்திருக்கிறது. அதாவது பேசுபவரையோ கேட்பவரையோ நோக்கி நகர்ந்தால் ‘வா’, மற்றவரை நோக்கி நகர்ந்தால் ‘போ’. ஆங்கிலத்திலும் அம்மா கூப்பிட்டால் ‘ஐ ஆம் கமிங்’தான். ஸ்பானிய மொழியில் அதே இடத்தில் ‘போகிறேன்’ என்பார்கள். ஆகவே அவர்கள் ‘கம்’மை முயன்று கற்க வேண்டும். நம் பிள்ளைக்கு அந்தச் சிரமமே இல்லை.

பொருநை:
தொல்காப்பியச் சான்று அருமை, அதை வகுப்பில் கட்டாயம் சொல்லுங்கள். ஆனால் ‘பள்ளிக்கு’, ‘வீட்டுக்கு’ இரண்டிலும் நமக்கு ஒரே ‘கு’ உருபு. ஆங்கிலத்தில் ‘கோ டு ஸ்கூல்’ சரி, ‘கோ டு ஹோம்’ தவறு. இதை எந்தத் தமிழ்ச் சொல்லை வைத்து விளக்குவீர்கள்? பொருள் பட்டியல் வேண்டாம் என்றால் சரி. முழு வாக்கியங்களாவது வேண்டும்.