ஹீமோலிம்ஃபுக்கு ஒரு சொல் வேண்டும், அவசரம்

விலங்கியல் ஆசிரியை:
வணக்கம். பதினொன்றாம் வகுப்புக்கான பயிற்சித்தாள் திங்கட்கிழமை அச்சுக்குப் போகிறது. மண்புழுவுக்கு மூடிய சுற்றோட்டம், கரப்பானுக்குத் திறந்த சுற்றோட்டம் என்பதுவரை சிக்கல் இல்லை. கரப்பானின் 13 அறை இதயம் தள்ளிவிடுகிறதே, அந்தத் திரவத்தில்தான் மாட்டிக்கொண்டேன். அது குழாயை விட்டு வெளியேறி உறுப்புகளை நேரே நனைக்கிறது. இரத்தம் வேறு, திசுநீர் வேறு என்ற பிரிவே அங்கில்லை. 'ஹீமோலிம்ஃப்' என்று கரும்பலகையில் எழுதியதும் கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல்: "மிஸ், செருப்பால அடிச்சா வெள்ளையா பிதுங்குமே, அதுவா?"

மதுரைத் தமிழாசிரியர்:
'குருதி' வேண்டாம். 'குருவும் கெழுவும் நிறனாகும்மே' என்பது தொல்காப்பியம். குரு என்றால் நிறம். குருதியில் அது சிவப்பாகவே நிலைத்துவிட்டது. குறுந்தொகையின் முதல் பாட்டு காந்தளைக் 'குருதிப் பூ' என்கிறது. நிறமற்ற நீருக்கு அது எப்படிப் பொருந்தும்? என் பரிந்துரை: கெழுநீர்.

சென்னை மென்பொருள்காரர்:
கெழுவும் நிறம்தானே ஐயா? தவிர, பாதிப் பிள்ளைகள் அதைக் 'கழுநீர்' என்று எழுதி மாட்டுக்கு வைத்துவிடுவார்கள். பேசாமல் 'பூச்சி இரத்தம்' என்று போடுங்கள்.

மதுரைத் தமிழாசிரியர்:
இரத்தமும் வடமொழியில் சிவப்புதான். கடன் வாங்கியும் குறை தீரவில்லை.

விலங்கியல் ஆசிரியை:
நிறத்தைப் பிடித்துத் தொங்கினால் பாடமே தலைகீழாகிவிடும். ஆக்டோபஸுக்குச் செம்பு கலந்த நிறமியால் நீல இரத்தம். ஆனால் ஓடுவது குழாய்க்குள், மூடிய சுற்றோட்டம். மீன்தொட்டியில் போடும் இரத்தப்புழு ஒரு பூச்சியின் இளம்புழு. திறந்த சுற்றோட்டம், ஆனால் சிவப்பு. எனக்கு வேண்டியது நிறம் அல்ல, 'இரண்டும் ஒன்றே' என்ற கருத்து.

யாழ்ப்பாணத்து நண்பர்:
எங்கட பக்கம் பள்ளிக்கூடத்தில குருதி, ஆஸ்பத்திரியில இரத்தம். ரெண்டும் விளங்கும், ஒருத்தரும் நிறம் பார்க்கிறேல்லை. 'குருதிநிணநீர்' எண்டு வையுங்கோ, டீச்சர். லிம்ஃபுக்கு நிணநீர் எண்டது ஏற்கெனவே தெரிஞ்ச சொல்தானே.

மதுரைத் தமிழாசிரியர்:
அது உம்மைத்தொகையா, பண்புத்தொகையா? குருதியும் நிணநீரும் என்று விரித்தால் இரண்டு பொருள் ஆகிவிடும். இரண்டில்லை என்பதுதானே அம்மையாரின் வாதம்? குருதியாகிய நிணநீர் என்றால் சரி. ஆனால் நிணம் என்பது பழைய வழக்கில் கொழுப்பு. புறப்பாடல்களில் சுட்ட ஊனிலிருந்து சொட்டுவது அது.

விலங்கியல் ஆசிரியை:
ஐயா, நீங்கள் அறியாமலே என் மாணவனுக்குப் பதில் சொல்லிவிட்டீர்கள்! செருப்படியில் வெள்ளையாகப் பிதுங்குவது பெரும்பாலும் கொழுப்புத் திசு. அவன் பார்த்தது அசல் நிணம். ஹீமோலிம்ஃபோ கிட்டத்தட்ட நிறமற்றது. ஆக்சிஜனையும் கரப்பானில் அது சுமப்பதில்லை, அந்த வேலைக்கு மூச்சுக்குழல்கள் இருக்கின்றன.

சென்னை மென்பொருள்காரர்:
அப்படியானால் 'நிணநீர்' என்றாலே குழப்பம்தானே? 80 மடல் போனாலும் முடியாது. ஹீமோலிம்ஃப் என்றே விடுங்கள், தேர்வில் அதைத்தான் எழுதப்போகிறார்கள்.

விலங்கியல் ஆசிரியை:
இப்போது ஞாயிறு இரவு மணி 11. 'குருதிநிணநீர்' என்று போட்டு, பக்கத்தில் ஹீமோலிம்ஃப் என்றும் போட்டுவிட்டேன். நால்வர் ஒப்புதல் தந்ததாக எடுத்துக்கொள்கிறேன். அனைவருக்கும் நன்றி.

மதுரைத் தமிழாசிரியர்:
என் மறுப்பைப் பதிவு செய்யவும். அது நிரம்பியிருக்கும் குழிக்கு, அந்த ஹீமோசீலுக்கு, என்ன போட்டீர்கள்?