ஈஆர்பி போட்டும் ஷிப்மெண்ட் ஏன் தாமதமாகிறது?

பனியன்வாசி:
நான் முன்பு இருந்த திருப்பூர் கம்பெனியில் ஈஆர்பி போட்டார்கள், அதாவது கம்பெனியின் எல்லா வேலையையும் ஒரே இடத்தில் பதிவு செய்கிற சாஃப்ட்வேர். நிட்டிங் (பின்னல்), டையிங் (சாயமேற்றல்), காம்பாக்டிங் (துணி பிறகு சுருங்காமல் இறுக்குவது), கட்டிங் என்று துணி போகிற ஒவ்வொரு இடத்திலும் லாட் எண்ணை, அதாவது அந்தத் தொகுதித் துணியின் எண்ணை, ஏற்ற வேண்டும். ஸ்க்ரீனில் எல்லாமே பச்சை. ஒருநாள் டையிங்குக்கு நேரில் போய்ப் பார்த்தால், 'முடிந்தது' என்று காட்டிய நேவி ப்ளூ துணி ஈரத்தோடு டிராலியில் கிடக்கிறது, ஷேடு (கேட்ட நிறம்) வராமல் ரீடையிங்குக்காக (மறுபடி சாயமேற்ற). கேட்டால், "லேட்டுன்னு போட்டா உடனே போன் வந்துருங்க, யார் திட்டு வாங்கறது" என்றார் அங்கிருந்த அண்ணன். தூத்துக்குடியில் கப்பலைத் தவறவிட்டு ஏர் ஷிப்மெண்ட் செய்தோம், லாபம் அதிலேயே போனது. முதலில் மாற வேண்டியது அந்தத் திட்டுகிற பழக்கம்.

கணக்குப்பிள்ளை:
இதை ஏற்க மாட்டேன். சரக்கு அனுப்பும்போது கையால் எழுதிய டிசி (டெலிவரி சலான்) புத்தகக் காலத்தில் மட்டும் எல்லோரும் உண்மையா எழுதினார்கள்? எங்கள் யூனிட்டில் தராசை நேராகக் கம்ப்யூட்டரோடு இணைத்துவிட்டோம், எடையைக் கையால் அடிக்கிற வேலையே இல்லை. ஜாப் ஒர்க்குக்கு (வெளியே கூலிக்குச் செய்யக் கொடுப்பது) போன 500 கிலோ துணியில் எவ்வளவு திரும்பியது, எவ்வளவு வேஸ்டேஜ் என்கிற சண்டை அன்றோடு நின்றது. எல்லோர் மனசும் மாறட்டும் என்று உட்கார்ந்திருந்தால் ஆர்டர் பங்களாதேஷுக்குப் போய்விடும்.

பனியன்வாசி:
தராசு எடையைச் சொல்லும். ஷேடு சரியில்லை என்பதை ஆள்தானே சொல்ல வேண்டும்?

மெர்ச்சண்ட்அக்கா:
2013-ல் கனடாவில் கடை திறந்த அமெரிக்கச் சில்லறை விற்பனை நிறுவனமான டார்கெட், 2015-ல் 133 கடைகளையும் மூடியது. காரணங்கள் பல. ஆனால் புது சாஃப்ட்வேரில் பொருட்களின் அளவுகளை அவசரமாக ஏற்றியதில் அங்குலமும் சென்டிமீட்டரும் குழம்பி, கிடங்கு வழிய வழிய நிறைந்திருக்க, அலமாரிகள் காலியாகக் கிடந்தன. அதைவிட என்னை உலுக்கியது இன்னொன்று: சரக்கு குறைந்தால் தானாக ஆர்டர் போடும் வசதியையே சிலர் அணைத்து வைத்தார்களாம், பொருள் தீர்ந்தது தங்கள் கணக்கில் விழாமல் இருக்க. அதிகாரிக்குப் பயந்தவர்கள் எந்த ஊரிலும் இதைத்தான் செய்வார்கள்.

கணக்குப்பிள்ளை:
அக்கா, யார் எப்போது அணைத்தார் என்று காட்டவும் அவர்களுக்கு ஒரு கருவிதானே தேவைப்பட்டது? சரி, ஷேடு விஷயத்தை ஒப்புக்கொள்கிறேன். இப்போதுதான் பார்த்தேன், எங்கள் ஸ்க்ரீனில் 'முடிந்தது', 'முடியவில்லை' இரண்டுதான் இருக்கிறது, ரீடையிங் என்று போட இடமே இல்லை. நாளைக்கே சேர்க்கச் சொல்கிறேன், அப்படிப் போட்டவரை யாரும் போனில் பிடிக்கக் கூடாது என்றும் சொல்லிவிடுகிறேன். ஆனால் யார் போட்டார் என்பது பதிவாகத்தான் செய்யும், அதை எடுக்க மாட்டேன்.